கட்டினவள் மனசு

அத்தியாயம் 14

மல்லிகை ஒரு பிடி, செவ்வரளி ஒரு பிடி. இரண்டையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரே அளவாக மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றினாள் தேவயானி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மடியில் போட்டுக் குலுக்கினாள். எது வெள்ளை, எது சிவப்பு என்று இப்போது அவளுக்கே தெரியாது.

"நீதான் கட்டணும். பொண்ணப் பெத்தவ கட்டறதுதான் முறை" என்று நாத்தனார் அம்சா முந்தின நாளே சொல்லிவிட்டாள். "கட்டசொல்ல மனசுல எத நெனச்சிகினு கட்டறியோ, அதுதான் சாமி சொல்ற பதிலு. வேற யாரும் கை வெக்கக் கூடாது."

அம்சா போன வாரம் நகரியிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கியதையும், தன் மகன் வேணுவுக்கு தேவயானியின் மகள் ஷாலினியைக் கேட்டதையும் விட்டுவிடாமல் படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேவயானியின் கணவன் விஜயனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடப்பிறந்த அக்கா வீடு, கண்ணெதிரே வளர்ந்த பையன், ரேணிகுண்டா பக்கம் கம்பெனி வேலை, பீடி சிகரெட் கிடையாது. ஷாலினி தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க எல்லாரும் சொன்னா சரி" என்று முடித்துக்கொண்டாள்.

தேவயானி மட்டும், "முருகன்கிட்ட பூ கேட்டுட்டு செய்யலாமே அண்ணி" என்றாள்.

பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்தியாவது ஒன்றாவது! வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இல்லை. அதனால் வேண்டாம் என்பதைக் கடவுள் வாயால் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தாள்.

காரணம் இல்லை என்றா சொன்னேன்? இருந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியாத காரணம் அது.

விஜயன் வீட்டில் பேச்சு தெலுங்கு. திருத்தணியில் இது பெரிய அதிசயம் இல்லை. தெருவின் இடது பக்கம் தமிழில் திட்டினால் வலது பக்கத்திலிருந்து தெலுங்கில் பதில் வரும் ஊர். ஆனால் தேவயானி பிறந்த திருவாலங்காட்டு வீட்டில் தெலுங்கு வாடையே கிடையாது. கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள், மாமனாருக்குச் சோறு பரிமாறும்போது, பக்கத்து வீட்டில் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு தெலுங்கு வாக்கியத்தைச் சொன்னாள். அம்சா சிரித்துவிட்டாள். விஜயனும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, புதுப்பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான்.

மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்தப் பொண்ணு இருக்கற எடத்துல இனிமே தமிழுதான். நம்ம வீட்ல வந்து அது தனியாளா உக்காந்துனு இருக்கக் கூடாது."

நல்ல மனிதர். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் போட்ட சட்டம் இன்னும் போகவில்லை.

இருபத்து மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது. உள்ளே தெலுங்கில் கலகலவென்று பேச்சு ஓடும். தேவயானி வாசற்படி தாண்டுவாள். பேச்சு நிற்கும். ஒரு நொடி கழித்துத் தமிழில் ஆரம்பிக்கும். விருந்தாளி வந்தால் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்களே, அப்படி. எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடர மாட்டார்கள். "சாப்ட்டியா தேவயானி?" என்று புதிதாகத் தொடங்குவார்கள்.

வந்த இரண்டாம் வருஷமே அவளுக்குத் தெலுங்கு முழுவதும் புரிந்துவிட்டது. பேசவும் வரும். அடுப்படியில் தனியாக இருக்கும்போது குக்கரிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். மனிதர்களிடம் பேசவில்லை. மாமனார் இருந்தவரை, அவர் செய்த உபகாரத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது போல ஆகிவிடுமோ என்று பயந்தாள். அவர் போன பிறகு, இத்தனை வருஷம் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்று கூச்சம். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை.

மிச்சம் இருந்தது ஷாலினி ஒருத்திதான். அம்மாவிடம் பேச்சுப் பழகிய குழந்தை, அம்மாவிடம் தமிழ்தான். அரக்கோணத்தில் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவாள். அடுப்படியில் கீழே உட்கார்ந்து, அன்றைக்கு வந்த நோயாளிகள், டாக்டர் திட்டியது, ரயிலில் சீட்டுக்கு நடந்த சண்டை என்று ஒன்று விடாமல் கொட்டுவாள். தேவயானி தன் நாளில் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

அவளும் நகரிக்குப் போய்விட்டால்? இந்த வீட்டில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதையாக மட்டும் பேசுவார்கள். இதை எந்தப் பெண்ணைப் பெற்றவள் சபையில் சொல்ல முடியும்?

*

செவ்வாய்க்கிழமை. மலை மேல் கூட்டம் நெருக்கியது. ஆட்டோவை மேலே வரைக்கும் கொண்டுபோய், வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, தெரிந்த குருக்கள் ஒருவரைப் பிடித்தான் விஜயன்.

குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் சாமி பாதத்தில் வைத்து, தீபாராதனை காட்டி, தட்டில் எடுத்து வந்தார். யாராவது குழந்தை எடுக்க வேண்டும். வரிசையில் முன்னால் நின்ற குடும்பத்தில், புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை இருந்தது. நான்கு வயது இருக்கும். அதன் அம்மா சம்மதித்தாள்.

தேவயானி கண்ணை மூடிக்கொண்டாள். 'செவப்பா வந்துடணும் அப்பனே. பாவம்னா அது என் தலையில இருக்கட்டும். செவப்பு வந்துடணும்.'

அவள் பிறந்த வீட்டில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அவளுடைய கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் மட்டும் திருவாலங்காட்டில் பூ கேட்டபோது வெள்ளைதான் வந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் காலையில் கட்டினாள்.

குழந்தை யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. குருக்கள் நூலைப் பிரித்தார்.

மல்லிகை.

போயிற்று. முருகன் தேவயானியைக் கண்டுபிடித்துவிட்டான். பெற்ற பெண்ணின் நல்ல வாழ்க்கைக்குக் குறுக்கே நின்று வேண்டிக்கொண்டவளுக்கு வேறென்ன கிடைக்கும்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, வராத சிரிப்பை இழுத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள்.

"வெள்ள! அண்ணி, வெள்ளப் பூ வந்துடுச்சி!" என்று அம்சாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்சா மரக்கட்டை மாதிரி நின்றாள்.

தேவயானி விலகிப் பார்த்தாள். அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷாலினி திரும்பி, உண்டியல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"இன்னாங்க? வெள்ள வந்துக்குதே" என்றாள் தேவயானி.

"ஆங். பாத்தேன்" என்றான் விஜயன்.

அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. சம்மதம் கேட்டு, சம்மதம் கிடைத்தவர்கள் இப்படியா இருப்பார்கள்?

இறங்கும்போது ஆட்டோவில் தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. கிளம்பும் முன் ஒரு குரங்கு அம்சாவின் பையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அம்சா பையை மூடக்கூட இல்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தக் குரங்கின் பரம்பரையையே இழுத்திருப்பாள்.

பஸ் ஸ்டாண்ட் அருகே இனிப்புக் கடையைப் பார்த்ததும், "நிறுத்துப்பா" என்றாள் தேவயானி.

"இப்ப எதுக்கு?" என்றான் விஜயன்.

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க? முருகனே சொல்லிட்டான். வாய் இனிக்க வேணாமா?"

அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு ஏறியபோது அம்சா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, பயமா, அருவருப்பா என்று தேவயானிக்குப் பிடிபடவில்லை. முதன்முதலாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல இருந்தது அது.

*

மதியம் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. தட்டு சாமி படத்தின் கீழே இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

"தலவலி" என்று மாடி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள் அம்சா. "மலைக்கு ரெண்டு சாமியானா போவணும். ஏத்திவுட்டுட்டு வரேன்" என்று விஜயன் கடைக்குக் கிளம்பினான். சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவனுடையது. ஆனால் சாமியானா ஏற்ற இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தேவயானிக்குத் தெரியும்.

கேசரி கிளறிக்கொண்டே யோசித்தாள். இவர்கள்தானே பெண் கேட்டு வந்தார்கள்? முருகன் சரி என்றதும் முகம் ஏன் தொங்கிப்போகிறது? வேறு இடம் பார்த்துவிட்டார்களா? தட்டிக்கழிக்கப் பூ ஒரு சாக்காக இருக்கும் என்று நம்பி, அது நடக்காமல் போய்விட்டதா? இல்லை, பூ கட்டினதில் தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா? தீட்டு, நாள், நட்சத்திரம்? கேட்டால் சொல்வார்களா? "ஒன்னும் இல்ல தேவயானி, நீ சாப்டு" என்பார்கள்.

ஷாலினி தண்ணீர் குடிக்க வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஜிலேபி எடுத்துக்கடி."

"வேணாம்மா." சொம்பை வைத்துவிட்டு நின்றாள். "ஒனக்கு சந்தோஷமாம்மா?"

தேவயானி கரண்டியை நிறுத்தவில்லை. "சந்தோஷம் இல்லாம? பெத்தவளுக்கு வேற இன்னா வேணும்?"

"சரி" என்றாள் ஷாலினி. ஏதோ முடிவுக்கு வந்தவள் போலத் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த 'சரி' தேவயானிக்குச் சரியாகப் படவில்லை. பெண்ணுக்கு இஷ்டம் இல்லையோ? அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே! தினமும் ரயில் சண்டையை எல்லாம் சொல்கிறவள் இதைச் சொல்ல மாட்டாளா?

பொறுக்க முடியாமல், ஜிலேபித் தட்டை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு காவடி போயிற்று. பம்பையும் உடுக்கையும் காதைக் கிழித்தன. அவள் காலடிச் சத்தம் மேலே கேட்க வழியில்லை. இல்லாவிட்டால் அவள் நான்காம் படியைத் தாண்டும் முன்பே பேச்சு தமிழாகியிருக்கும்.

காவடி தெருமுனை திரும்பி, சத்தம் அடங்கியபோது அவள் கதவருகே இருந்தாள். உள்ளே தெலுங்கு.

"பாவாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன் அத்தை. ஆகலன்னு" என்றது ஷாலினியின் குரல். பாவா என்றால் அத்தை மகன், வேணு.

"இன்னா சொன்னான்?"

"ஒன்னுமே சொல்லல. போனை ஆஃப் பண்ணிட்டான்."

அம்சா மூக்கை உறிஞ்சினாள். "செவப்பு வந்திருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருப்போம். எனக்குச் செவப்புதான் வந்தது, எங்கம்மாவுக்கும் செவப்புதான். குங்குமம் மாதிரி. இந்த வீட்ல வெள்ள வந்து எந்தக் கல்யாணமும் நடந்ததில்ல. அதுகூடப் போவட்டும், முருகன் இஷ்டம். வெள்ள வந்ததும் ஒங்கம்மா சிரிச்சாளே, பாத்தியா? என்னக் கட்டிப் புடிச்சிகினு சிரிச்சா! ஜிலேபி வேற. என் வீட்டு சம்பந்தம் வேணாம்னு எத்தினி நாளா மனசுல வெச்சிருந்தாளோ! சொல்லியிருந்தா நான் தட்டே தூக்கினு வந்திருக்க மாட்டேன்."

"விடு அத்தை."

"மூணு வருஷமா நீயும் அவனும் பேசறீங்க, எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? நான் போய்க் கேக்கறேன்."

"அம்மகு செப்பொத்து, அத்தா" என்றாள் ஷாலினி. அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினாள். "நான் கேட்டேன். சந்தோஷம்னு சொல்லிட்டா. அவ எனக்காக ஒன்னும் விட்டுக்குடுக்க வேணாம். இந்த வீட்ல அம்மா சிரிச்சே நான் பாத்ததில்ல அத்தை. இன்னிக்காவது இருக்கட்டும்."

தேவயானி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வீட்டில் வெள்ளை என்றால் வேண்டாம். சிவப்பு என்றால் சம்மதம். இருபத்து மூன்று வருஷம் இந்த வீட்டில் சமைத்தவளுக்கு இது தெரியாது. அம்சாவின் கல்யாணத்துக்குப் பூ கேட்டது அவள் வருவதற்கு முன்பு. அதற்குப் பிறகு பூ கேட்கும்படி வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊர் உலகம் முழுவதும் ஒரே வழக்கம் என்று இரண்டு பக்கமும் நினைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து இருந்த குழப்பம் தெளிந்தது. தெளிந்த இடத்திலேயே அடுத்தது முளைத்தது.

இப்போது அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். எதற்கு வேண்டிக்கொண்டாளோ அது நடந்துவிட்டது. ஷாலினி எங்கும் போக மாட்டாள். நாளைக்கும் ஆறு மணிக்கு வருவாள், அடுப்படியில் உட்காருவாள். தேவயானி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் அவளுக்கு இருபத்து மூன்று வருஷப் பழக்கம்.

கட்டும்போது மனசில் எதை நினைத்தாளோ அதுதான் பதில் என்று அம்சாவே சொல்லியிருந்தாள். வெள்ளை சம்மதம் என்று நினைத்துக் கட்டினாள். முருகன் வெள்ளையைக் கொடுத்தான். அப்படியானால் அவன் சரி என்றுதான் சொல்லியிருக்கிறான். ஆனால் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூணு வருஷம்! அதுதான் உள்ளே போய்க் குத்தியது. ஆறு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டுகிறாள் என்று நினைத்தாளே, எதைக் கொட்டினாள்? நோயாளிகளை, டாக்டரை, ரயிலை. சொந்த மனசை அத்தையிடம் தெலுங்கில் கொட்டியிருக்கிறாள். தன்னோடு இந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நம்பிய ஒரே ஆளும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள். தேவயானிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சிரிக்காத அம்மாவிடம் எந்தப் பெண் காதலைச் சொல்வாள் என்று உடனே தோன்றி, அந்தக் கோபமும் நிற்காமல் போயிற்று.

உள்ளே பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் ஜிலேபித் தட்டோடு சத்தம் இல்லாமல் கீழே இறங்கி வந்தாள்.

*

மூன்று மணிக்கு விஜயன் வந்தான். அக்கா போன் செய்திருக்க வேண்டும். அம்சா பையோடு இறங்கி வந்தாள். முகம் கழுவி, பவுடர் போட்டிருந்தாள். சாமி படத்தின் கீழிருந்த தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கைப் பையின் பக்கவாட்டில் திணித்துக்கொண்டாள்.

"நான் கெளம்பறேன் தேவயானி" என்றாள், நல்ல தமிழில், நல்ல மரியாதையோடு. "நாலு மணி பஸ்ஸப் புடிச்சா இருட்டறதுக்குள்ள போயிடலாம். ஒடம்பப் பாத்துக்க."

"இருங்க அண்ணி. கேசரி..."

"இன்னொரு நாளு ஆவட்டும்."

இன்னொரு நாள் கிடையாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. விஜயன் பையை வாங்கிக்கொண்டான். மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்" என்றான் சுவரைப் பார்த்து.

மாடிப்படியின் நடுவில் ஷாலினி நின்றிருந்தாள். கையில் போன். அத்தை போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவை அல்ல. அப்படி ஒரு முகத்தைத் தேவயானி அவளிடம் பார்த்ததில்லை. குழந்தையில் கீழே விழுந்தால்கூட முதலில் அம்மா எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் அழுவாள்.

அம்சா ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டாள்.

"மா ஊர்லோ தெல்ல பூவே மஞ்சிதி, வதினா" என்றாள் தேவயானி.

எங்கள் ஊரில் வெள்ளைப் பூதான் நல்லது, அண்ணி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் உடைந்தது.

அம்சாவின் மற்றக் கால் அப்படியே நின்றது. விஜயன் திரும்பி, வாசலில் வேறு யாராவது வந்து பேசினார்களா என்று பார்த்தான்.

"இன்னா சொன்ன?"

தேவயானி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெலுங்கிலேயே, தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். "நான் கட்டினேன். வெள்ள வந்தா சரின்னு நெனச்சித்தான் கட்டினேன். எங்க வீட்ல அப்படித்தான். இங்க வேறன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. கட்டினவ மனசுதான் பதிலுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப முருகன் சரின்னுதான் சொல்லியிருக்கான். இந்தக் கல்யாணம் நடக்கணும்."

அம்சா செருப்பை உதறினாள். "அப்ப நீ சிரிச்சது?" என்றாள்.

"நல்லது நடந்துச்சின்னு" என்றாள். அது மட்டும் தமிழில் வந்தது.

அம்சா அப்படியே பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பை விஜயன் கையில் இருந்ததால் அவனும் குனிய வேண்டியதாயிற்று. "அய்யோ முருகா, முருகா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "நான் இவள இன்னா இன்னா நெனச்சிட்டேன்! டேய் விஜயா, அவனுக்குப் போன் போடுடா."

விஜயன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு தரம் போட்டான். அதே.

அப்போதுதான் அம்சாவுக்கு அடுத்தது உறைத்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, இந்தத் தெலுங்கு எப்ப கத்துகின?"

"வந்த ரெண்டாம் வருஷம்."

அம்சாவின் முகத்தில் வருஷங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடுவது தெரிந்தது. தேவயானியின் ரசத்தைப் பற்றிச் சொன்னது, அவள் அண்ணன் கொண்டுவந்த சீரைப் பற்றிச் சொன்னது, பக்கத்து அறையில் அவள் இருக்கும்போதே சொன்னது.

"எல்லாம் புரியுமா?" என்றான் விஜயன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம்."

"அப்பறம் ஏன் நீ..." என்று ஆரம்பித்தவனுக்கு முடிக்கத் தெரியவில்லை.

இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லோரும் தன் பக்கம் வந்துவிடுவார்கள் என்று தேவயானி எங்கோ ஓர் ஓரத்தில் நம்பியிருந்தாள். அவர்கள் வரவில்லை. இதுவரை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இப்போது ஒட்டுக் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தமிழில் பேசுவதா தெலுங்கில் பேசுவதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஷாலினி மெல்ல இறங்கி வந்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. காலையிலிருந்து அம்மா செய்ததை எல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால், கோயிலில் வந்த சிரிப்பு அம்மாவின் சிரிப்பு அல்ல என்பது அவளுக்குப் புரியாமல் போகுமா?

அம்மாவின் எதிரே வந்து நின்று கேட்டாள். தெலுங்கில் கேட்டாள். பிறந்ததிலிருந்து அம்மாவிடம் அவள் தெலுங்கில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, நுவ்வு ஏ பூ ராவாலனி மொக்குகுன்னாவு?"

நீ எந்தப் பூ வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாய்?

தேவயானி ஒரு பொய்யைத் தேடினாள். தமிழில் என்றால் கைவசம் எத்தனையோ இருந்தன. 'சந்தோஷம்தான்', 'ஒன்னும் இல்ல', 'எனக்கென்ன கொற' என்று வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்தவை. தெலுங்கில் அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எர்ரதி" என்றாள்.

சிவப்பு.

அம்சா மூச்சை இழுத்தது கேட்டது. விஜயன், "தேவயானி!" என்றான்.

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்காங்க?" என்றாள் தேவயானி மகளைப் பார்த்து. இதைச் சொல்லும்போது எந்தப் பாஷையில் சொன்னாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

ஷாலினியின் கண் நிறைந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாளா, திட்டப் போகிறாளா என்று அவளுக்கே தெரியாதது போலக் கை பாதி தூக்கியபடி நின்றாள். அப்போது அந்தக் கையிலிருந்த போன் அடித்தது.

திரையில் 'பாவா' என்று இருந்தது. வேணு.

"எடுடி, எடு" என்று பதறினாள் அம்சா.

ஷாலினி எடுத்தாள். ஆனால் காதில் வைக்கவில்லை. அம்மாவிடம் நீட்டினாள்.

"நுவ்வே செப்பு" என்றாள். நீயே சொல். கொஞ்சம் நிறுத்தி, தெலுங்கிலேயே மேலும் சொன்னாள். "முருகன் சொன்னதையும் சொல்லு. நீ வேண்டிகினதையும் சொல்லு. ரெண்டையும் கேட்டுட்டு அவன் வரானான்னு பாக்கலாம்."

தேவயானி போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. லாரி போகிற சத்தமும், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன.

"வேணு" என்றாள். இரண்டில் எதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.